சாம்பல் புதன் முதல் பாஸ்கா வரை: வழிபாட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு

வழிபாட்டுக் குழுப் பொறுப்பை எடுத்த முதல் வருடம், ஆண்டவர் சிலுவையில் இறந்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளியன்று இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா தூங்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். "சிலுவைய முத்தி செஞ்சியாடி?" என்று கேட்டார்கள். சிலுவையை முத்தமிட்டு வணங்குவதைத்தான் எங்கள் ஊரில் முத்தி செய்வது என்போம். செய்யவில்லை. மைக், சாவிக்கொத்து, துடைக்கும் துணி, வரிசை ஒழுங்கு, கஞ்சிப் பாத்திரம் என்று காலையிலிருந்து ஓடியதில் ஆண்டவருடைய சிலுவைக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட நின்றிருக்கவில்லை. பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன்.

இது நடந்து 19 வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் செய்த ஏற்பாடு எல்லாம் ஒன்றுக்காகத்தான்: அந்த நாளில் யாரும் ஓடக்கூடாது. வேலையை முன்கூட்டியே முடித்தால்தான், பீடச் சிறுவன் முதல் அடுப்படியில் நிற்கும் அக்கா வரை எல்லோரும் செபிக்க முடியும். கீழே சொல்வதை அந்தக் கண்ணோட்டத்தில் வாசியுங்கள்.

நாங்கள் திருச்செந்தூருக்கும் உவரிக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரைப் பங்கு, அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம். கடலை நம்பி வாழ்கிற ஊர். உங்கள் பங்கு வயல்வெளியிலோ நகரத்திலோ இருந்தால் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் நாள்காட்டியை எடுத்து உட்காருங்கள்

உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர், பாஸ்கா) மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். மாசியில், பின்பனிக் காலத்திலேயே சாம்பல் புதனோடு தவக்காலம், அதாவது உயிர்ப்புக்கு முந்தைய நோன்புக்காலம், தொடங்கிவிடும். பாஸ்கா வரும்போது வெயில் ஏறி, கோவில் முற்றத்தில் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும், நுங்கு வந்திருக்கும். தேதி முன்னே பின்னே ஆவதைப் பொறுத்து ஊரின் நிலைமையே மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2025-இல் ஏப்ரல் 20 உயிர்ப்பு ஞாயிறு. தடைக்காலம் தொடங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆண்கள் எல்லோரும் கரையில் இருந்ததால் பாடகர் குழுவில் குரலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வீடுகளில் கைச்செலவுக்குக் காசு இல்லை. அந்த வருடம் மெழுகுதிரிக்கும் பூவுக்கும் தனியாக வசூல் வேண்டாம் என்று பங்குப் பேரவையில் முன்பே பேசி முடிவெடுத்தோம். 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. இந்த இரண்டு வருடமும் உயிர்ப்புக்கு முந்தைய பெரிய வாரத்தில் படகுகள் ஓடும். ஆகவே அந்த வாரத்தில் கடலுக்குப் போகிறவர்கள் யார், யார் என்று அன்பியக் கூட்டத்திலேயே (அன்பியம் என்பது பங்கின் தெருவாரியான குடும்பக் குழு) கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் யாரும் கடலில் இறங்குவதில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அலைபேசியில் எழுதினால் அது உங்களோடு போய்விடும். நோட்டு கோவிலில் இருக்கும். அடுத்து வருகிறவருக்கும் உதவும். என் நோட்டில் இடதுபக்கம் "என்ன செய்தோம்", வலதுபக்கம் "என்ன விட்டுப்போனது".

சாம்பல்

சாம்பல் புதனன்று எல்லோர் நெற்றியிலும் பூசும் சாம்பல், போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று (உயிர்ப்புக்கு முந்தைய ஞாயிறு) மந்திரித்த ஓலையை எரித்து எடுப்பது. மூன்று வாரம் முன்பே பூசையில் அறிவியுங்கள்: வீட்டில் பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில் தொங்கும் ஆண்டவர் உருவம்) பின்னால் சொருகி வைத்திருக்கும் காய்ந்த ஓலையை எல்லோரும் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும்போது ஒவ்வொரு ஓலைக்கும் ஒரு வருடத்துக் கதை இருக்கும். கல்யாணம் நடந்த வீட்டு ஓலை, அப்பா இறந்துபோன வீட்டு ஓலை. எல்லாம் ஒரே சட்டியில் எரிகிறது.

ஒருநாள் வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, காற்று அடங்கிய காலை நேரத்தில், பழைய இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரியுங்கள். பனையோலை சட்டென்று பிடித்துக்கொள்ளும்; ஒரே நேரத்தில் கட்டாகப் போட்டால் தீ தலைக்கு மேல் எழும்பும். ஆறியதும் அம்மியில் வைத்து மெல்ல நசுக்கி, பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். பெரிய சாக்கு நிறைய ஓலை எரித்தால் இரண்டு கைப்பிடி பொடி தேறும். ஆயிரம் நெற்றிக்கு அது போதும்.

இந்த ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். சாம்பலில் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டாம். ஓலைச் சாம்பல் நீரோடு சேர்ந்தால் காரமாகி, தோலைப் புண்ணாக்கிவிடும். முன்பு ஒருமுறை எங்களிடம் யாரோ நல்ல எண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் குழைத்து வைத்துவிட்டார்கள். சில குழந்தைகளுக்கு நெற்றியில் சிவந்து தடித்துப்போனது. பொடியாகவே கொடுங்கள். ஒட்ட வேண்டுமென்றால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

பிடியரிசி

எங்கள் பாட்டிமார் காலத்துப் பழக்கம். தாய்மார் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். இடையில் நின்றுபோயிருந்ததை மறுபடி தொடங்கினோம். என் கைப்பிடியை நிறுத்துப் பார்த்தேன்: 50 கிராம். ஞாயிறுகளை விட்டுவிட்டால் சாம்பல் புதன் முதல் குருத்தோலை ஞாயிறு வரை 34 நாள். வீட்டுக்கு 1.7 கிலோ. எங்கள் பங்கில் 240 குடும்பம்; அதில் பாதிப் பேர் வைத்தாலே 204 கிலோ.

காசு உண்டியலைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. காசு போடுவது அப்பா கையால். பிடியரிசி தினமும், சமைக்கிற கையால், பிள்ளைகள் கண் முன்னால் நடப்பது. "இது யாருக்கும்மா?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு அடுப்படியில் கிடைக்கும் பதில் எந்த மறைக்கல்வி வகுப்பிலும் கிடைக்காது.

குருத்தோலை ஞாயிறன்று காணிக்கைப் பவனியில் வீட்டுக்கு வீடு பானையோடு கொண்டுவந்து பீடத்தின் முன் கொட்டுவார்கள். அதில் 25 கிலோவைப் பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு எடுத்துவைப்போம். மீதியை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையார் பெரிய வாரத்துக்குள் வீடு வீடாகக் கொடுத்து முடிப்பார்கள். வாங்குகிறவர்களை மேடையில் நிறுத்தி, படம் எடுத்துக் கொடுப்பதை அனுமதிக்காதீர்கள். இருட்டிய பிறகு போய், வாசலில் வைத்துப் பேசிவிட்டு வருவதுதான் சரி.

வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை

ஆண்டவர் சிலுவை சுமந்து சென்ற பாதையின் 14 நிலைகளும் கோவிலுக்குள் சுவரில் இருக்கின்றன. ஆனாலும் தவக்காலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு அன்பியத்தின் தெருவில் நடத்துங்கள். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்த்தான் மக்களைச் செபத்துக்குக் கூட்டினார். கோவிலுக்கு வராதவர்கள் வீட்டு வாசலில் ஆண்டவர் போய் நிற்கட்டும்.

14 நிலைக்கு 14 வீடு. ஒரு வாரம் முன்பே போய்க் கேளுங்கள். வாசலில் ஒரு சிறிய மேசை, வெள்ளைத் துணி, மரச்சிலுவை, இரண்டு திரி போதும். பந்தல், சீரியல் விளக்கு எதுவும் வேண்டாம். ஒரு வீடு போட்டால் பக்கத்து வீட்டுக்காரி மனம் நொந்துபோவாள். மாலை 6 மணிக்குத் தொடங்குங்கள். வெயில் தாழ்ந்திருக்கும், இரவு 2 மணிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் 7 மணிக்குள் வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியும். ஒலிபெருக்கி ஒன்றை மூன்று சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறோம். சத்தம் அந்தக் கூட்டத்துக்குக் கேட்டால் போதும்.

சிந்தனைகளை அச்சடித்த புத்தகத்திலிருந்து வாசிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த வீட்டார் இரண்டே வரி தாங்களாக எழுதி வாசிக்கட்டும். முதலில் "எங்களுக்கு என்ன டீச்சர் தெரியும்?" என்பார்கள். "ஆண்டவர் மூணாந்தடவ விழுறாரு. நீங்க எப்ப விழுந்தீங்க? அத எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எழுதிவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான்காம் நிலை, இயேசு தம் தாயைச் சந்திக்கிறார், ஒரு அக்கா வீட்டு வாசலில் வந்தது. அவர்களுடைய மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்கு இந்த நிலையைக் கொடுத்தது நான்தான், யோசிக்காமல். அக்கா தாளை எடுத்துக்கொண்டு நின்றார்கள். "தாயே" என்று ஒரு சொல் வந்தது. பிறகு வரவில்லை. பாடகர் குழு அடுத்த பாட்டை எடுக்கப் பார்த்தது. பங்கில் செபம் நடத்தும் உபதேசியார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மணலில் எல்லோரும் முழங்காலில் இருந்தோம். அலைச்சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அக்காவே குனிந்து மேசையிலிருந்த சிலுவையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "போகலாம்" என்றார்கள்.

அன்றிலிருந்து இரண்டு வழக்கம். எந்த வீட்டுக்கு எந்த நிலை என்று முடிவு செய்யும் முன் அந்த வீட்டாரிடம் உட்கார்ந்து பேசுவோம். சிந்தனை முடிந்ததும் பாட்டுக்கு முன்னால், பத்து எண்ணும் அளவுக்காவது அமைதி விடுவோம். பாடகர் குழுத் தலைவர் மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் சுதி எடுப்பார்.

கோவிலுக்குள்

தவக்காலத்தில் பீடத்தில் பூ வேண்டாம். அல்லேலூயா கிடையாது; ஞாயிறுகளில் "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. இசைக்கருவி பாட்டைத் தாங்குவதற்கு மட்டும். நான்காம் ஞாயிறு இதற்கு விலக்கு. அன்று பூவும் இசையும் உண்டு. கீபோர்டு வாசிக்கும் பையன்களிடம் இதை அதட்டிச் சொல்லாதீர்கள், காரணம் சொல்லுங்கள். 40 நாள் அடக்கி வைத்த இசை பாஸ்கா இரவில் வெடிக்கும்போது அவர்களுக்கே புரியும்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனம்) ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கி, பக்கத்துப் பங்குத் தந்தையரை அழையுங்கள். சொந்தப் பங்குச் சாமியிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். பூவரச மரத்தடியில் நாற்காலிகளை நன்றாகத் தள்ளிப் போடுங்கள். காது கேளாத பெரியவர்களுக்குக் கோவிலுக்குள் தனி இடம். படுக்கையில் இருப்பவர்கள் பட்டியலை அன்பியப் பொறுப்பாளர்களிடம் வாங்கிச் சாமியிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போக ஒரு முழுநாள் வேண்டும்.

குருத்தோலை

எங்கள் பக்கம் பனங்குருத்து. பனையேறும் அண்ணாச்சியிடம் பத்து நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்ட மாட்டேன் என்பார். அவர் சொல்வதுதான் சரி, வற்புறுத்தாதீர்கள். குருத்தே பனையின் உயிர். பத்து மரத்தில் ஒவ்வொன்றாக எடுக்கட்டும். சனிக்கிழமை காலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் வரை வெளிறாமல் மஞ்சளாக இருக்கும்.

சனிக்கிழமை மாலை பிள்ளைகளை முற்றத்தில் உட்காரவைத்து ஓலைச்சிலுவை முடையச் சொல்லிக்கொடுங்கள். ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்தில் இரண்டு கீற்று: ஒன்று இரண்டு சாண், மற்றது ஒரு சாண். நீளக்கீற்றை நடுவில் மடித்து இரட்டையாக்குங்கள். மடிப்புதான் சிலுவையின் தலை. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், இரண்டு மடிப்புக்கும் இடையில் குறுங்கீற்றை நுழைத்து இரண்டு பக்கமும் சமமாக இழுத்து வையுங்கள். மீந்த மெல்லிய நாரினால் நடுவில் வலமிருந்து இடம் ஒரு சுற்று, இடமிருந்து வலம் ஒரு சுற்று. முன்பக்கம் பெருக்கல் குறி போல் விழுந்தால் சரியாக வந்திருக்கிறது. நுனியைப் பின்னால் சொருகிவிட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்றாவது சிலுவையில் கை வந்துவிடும். அதைக் கோவிலுக்கு வர முடியாத தாத்தா பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

நற்செய்தியில் உள்ள ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை மூவர் வாசிக்க வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று மத்தேயு, மாற்கு, லூக்கா என்று வருடத்துக்கு ஒன்றாகச் சுழலும். பெரிய வெள்ளியன்று எப்போதும் யோவான் 18, 19. மக்கள் பகுதியைக் கோவிலில் உள்ள எல்லோரும் சேர்ந்து சொல்லும்படி தாள் கொடுங்கள். "அவனைச் சிலுவையில் அறையும்" என்று நம் வாயாலேயே சொல்ல நேர்கையில் உடம்பு நடுங்குகிறது. அது நடுங்கத்தான் வேண்டும்.

பெரிய வியாழன்

ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, சாமி பாதம் கழுவப் பன்னிருவரைத் தேர்ந்தெடுப்பதில் குழுவுக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் பெண்களுக்கும் இதைத் திறந்துவிட்டார். பங்குப் பேரவை உறுப்பினர்களையே வருடாவருடம் உட்காரவைக்காதீர்கள். நாங்கள் மீன்கூடை சுமக்கும் பெண், கோவிலைக் கூட்டுகிறவர், வளைகுடாவிலிருந்து வேலையிழந்து திரும்பியவர், பேருந்து நடத்துநர், பத்தாம் வகுப்புப் பிள்ளை, பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பாட்டி என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிறோம். சர்க்கரை நோயால் காலில் புண் இருப்பவர்கள் வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு துவாலை, ஒரு தாம்பாளம், செம்பு, வெதுவெதுப்பான நீர், சாமி முழங்காலிடத் தாழ்வான மணை. வலது செருப்பை முன்னரே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் புதன்கிழமை இரவே பீடத்துக்குப் பக்கத்து மேசையில் இருந்துவிட வேண்டும்.

உன்னதங்களிலே பாடும்போது மணி அடித்தபின், பாஸ்கா இரவு வரை மணிச் சத்தம் கிடையாது, மரக்கட்டையைத் தட்டுவோம். நற்கருணையை (திருவப்பத்தை) வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு நள்ளிரவு வரை ஆராதனை. அந்த இடத்தைத் தெர்மாகோல் மலையாக்காதீர்கள். நான்கு குத்துவிளக்கு, கொஞ்சம் மல்லிகை போதும். எட்டு அன்பியங்களுக்கு ஆளுக்கு அரைமணி நேரம் பிரித்துக் கொடுக்கிறோம். அதில் பத்து நிமிடமாவது பாட்டும் செபமும் இல்லாத மௌனம். "ஒரு மணி நேரம்கூட என்னோடு விழித்திருக்க முடியவில்லையா?" என்று ஆண்டவர் கேட்டது நண்பர்களிடம். அவர் கேட்டது பேச்சுத்துணை அல்ல, பக்கத்தில் இருப்பு. நள்ளிரவுக்குப் பிறகு இருப்பவர்கள் ஆடம்பரமின்றி அமைதியாகச் செபிக்கலாம்.

பெரிய வெள்ளி

உண்ணா நோன்பு 18 வயது முதல் 59 வரை. மாமிசம் தவிர்ப்பது 14 வயது முதல். கர்ப்பிணிகளும் மருந்து சாப்பிடுகிறவர்களும் நோன்பிருந்து மயங்கி விழுவதை ஆண்டவர் கேட்கவில்லை என்று வியாழன் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கஞ்சி: 25 கிலோ புழுங்கலரிசி, 5 கிலோ வறுத்த பச்சைப்பயறு, இரண்டு பெரிய அண்டா. 400 பேருக்குக் காணும். தேங்காய்த் துவையல் தொட்டுக்கொள்ள. காலை 8 மணிக்கு அடுப்பு மூட்டி 12 மணிக்கு ஊற்றத் தொடங்கி 1 மணிக்கு முடித்து, 2 மணிக்குள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்க வேண்டும். அடுப்படிக்காரர்கள் குளித்து, கொஞ்சம் சாய்ந்து, வழிபாட்டுக்கு வர அந்த நேரம் வேண்டும். படகு முதலாளியும் கூலிக்குப் போகிறவரும் ஒரே மணலில் உட்கார்ந்து, வீடு வீடாக வந்த பிடியரிசிக் கஞ்சியைக் குடிப்பதைப் பாருங்கள். தெருவில் போகிற யாரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

திருப்பாடுகளின் வழிபாடு பிற்பகல் 3 மணியளவில் என்பது முறை. மக்களுக்கு வசதியாகச் சற்றுப் பிந்தவும் இடமுண்டு. சிலுவை ஆராதனைக்கு ஒரே சிலுவைதான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: ஆளுக்கு 5 விநாடி என்றாலும் 600 பேருக்கு 50 நிமிடம். அதற்கு ஏற்றபடி பாட்டுகளை எண்ணி வையுங்கள். துடைக்கும் துணி ஆறு. சிலுவையைப் பிடிக்க இரண்டு இரண்டு பேராக மூன்று குழு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற. முதியவர்கள் முதல் வரிசையில் நாற்காலியில் இருக்கட்டும், முதலில் அவர்கள். வரிசையை விரட்டாதீர்கள். ஒருவர் நெற்றியைச் சிலுவையில் வைத்துவிட்டு எழ முடியாமல் இருந்தால் அந்த 5 விநாடிக் கணக்கு அங்கே செல்லாது.

எங்கள் குழுவில் இப்போது எழுதப்பட்ட விதி ஒன்று உண்டு. யார் எப்போது முத்தி செய்யப் போவது என்று குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் நோட்டில் நேரம் குறித்திருக்கிறது. மாற்றாள் பெயர் பக்கத்தில்.

இரவு ஆண்டவருடைய திருவுடல் பவனியில் பெண்கள் பாடும் பழைய ஒப்பாரிப் பாடல்கள் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது மூன்று பேர்தான். இரண்டு இளம்பெண்களை ஒவ்வொரு வருடமும் அவர்கள் பக்கத்தில் நடக்க விடுகிறோம். ஏட்டில் எழுதினால் சொல் வரும், அந்த இழுவை வராது.

பாஸ்கா இரவு

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு வழிபாடு இது. இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். விடிவதற்குள் முடிய வேண்டும். நெருப்பு வெளியே. கடற்கரைக் காற்றில் இது சோதனைதான். கோவிலின் மேற்குச் சுவர் மறைவில், பழைய லாரிச் சக்கர வளையத்துக்குள் காய்ந்த கதம்பையும் (தேங்காய் மட்டை) பனைமட்டைத் துண்டும் அடுக்கி, அடியில் கற்பூரம் வைக்கிறோம். பெட்ரோல் ஊற்ற யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். தண்ணீர் வாளி இரண்டும் மணல் ஒரு கூடையும் பக்கத்தில் இருக்கட்டும். பாஸ்காத் திரியில் (உயிர்த்த ஆண்டவரைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரி) ஐந்து தூபமணிகள் பதிக்கும் துளைகளைச் சூடான கம்பியால் முன்னமே போட்டு வையுங்கள். காற்றில் சாமி கை தடுமாறக் கூடாது. திரியில் உள்ள வருடத்தின் நான்கு இலக்கங்களும் சரிதானா என்று பாருங்கள். மக்கள் திரிக்குக் காகிதக் கோப்பையின் அடியில் துளையிட்டு மாட்டினால் காற்றும் தாங்கும், மெழுகும் கையில் சொட்டாது.

மெயின் சுவிட்சில் ஒருவர் நிற்க வேண்டும். "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று மூன்றாம் முறை பாடியதும் கோவில் விளக்குகள். பீடத் திரிகள் மட்டும் உன்னதங்களிலே பாடும்போது. அந்தச் சுவிட்சுக்காரர் கையிலும் எரியும் திரி இருக்கட்டும், பக்கத்தில் நின்று பற்றவைத்துக் கொடுக்க ஒரு பிள்ளை.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. நேரம் கருதிக் குறைத்தால்கூட மூன்றுக்குக் குறையக்கூடாது. செங்கடலைக் கடந்த விடுதலைப் பயணம் 14-ஐ எந்நிலையிலும் விடக்கூடாது. வாசகர்களை ஒரு வாரம் முன்பே வெறும் கோவிலுக்குக் கூட்டி வந்து வாசிக்கச் சொல்லி, நீங்கள் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். அந்த வாசகத்தைக் கடலுக்குப் போகிறவர் ஒருவரிடம் கொடுங்கள். இரவு முழுவதும் கீழ்க்காற்று வீசிக் கடல் விலகியது என்று வரும். எங்கள் ஊரில் அது கொண்டல். அதை முதன்முதலில் வாசித்த அண்ணன் பயிற்சியின்போது அந்த வரியில் நிறுத்திவிட்டு, "ராத்திரி பூரா கொண்டல் அடிச்சா கடல் என்ன கோலத்துல இருக்கும்னு எனக்குத் தெரியும் டீச்சர். அதுக்குள்ளயா நடந்தாங்க?" என்று கேட்டார். பாஸ்கா இரவில் அவர் வாசித்தபோது கோவிலில் ஒரு குழந்தைகூட அசையவில்லை.

தீர்த்தம் எடுக்கப் பெரிய தொட்டியும் கரண்டியும் தனியாக வெளிவாசலில் வையுங்கள், பூசை முடிந்ததும் பீடத்தருகே நெரிசல் இருக்காது. பிறகு பாஸ்கா வாழ்த்து, கட்டங்காப்பி, பன். பகை பட்டு நிற்கிற குடும்பங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் காப்பி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கோப்பை கொடுக்கும்படி அன்பியத் தலைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லா வருடமும் பலிக்காது. பலித்த வருடங்களும் உண்டு.

திங்கட்கிழமை

பீடத்துணிகளை ஊறப்போடுங்கள், மெழுகு சொட்டிய இடத்தில் தாள் வைத்து இஸ்திரி போட்டால் மெழுகு தாளுக்கு ஏறிவிடும். பன்னிரண்டு துவாலையையும் எண்ணி வையுங்கள். கடன் வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்காமல், உள்ளே ஒரு படி அரிசி போட்டுக் கொடுப்போம். மீந்த குருத்தோலையைச் சாக்கில் கட்டி, "அடுத்த சாம்பலுக்கு" என்று எழுதித் திருப்பண்ட அறை அலமாரிக்கு மேல் ஏற்றுங்கள். எலி வராமல் வேப்பிலை. அதன்பின் நோட்டைத் திறந்து வலதுபக்கத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் படுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் பாதி மறந்துபோகும். இந்த வருட வலதுபக்கத்தில் என் கையெழுத்தில் இரண்டு வரி: "திரிக்கோப்பை 60 குறைவு. நாலாம் தெருப் பாட்டிக்கு ஓலைச்சிலுவை போய்ச் சேரவில்லை, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்."